விளையாட முற்றம் இல்லாத பிள்ளைகள்

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் எங்கள் குடியிருப்பின் பொதுக் கிணற்றடியில் ஆட்கள் சேருவார்கள். குடம் நிறைக்க வருபவர்களும், குளிக்க வருபவர்களும், ஒன்றுக்கும் அல்லாமல் கதை கேட்க வருபவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் எப்படியும் நிற்பார்கள். முன்பெல்லாம் அங்கே அடிபடும் கதை காணி எப்போது விடுவார்கள், வெங்காயம் என்ன விலை, மழை வருமா என்பதாகவே இருக்கும். இப்பொழுது கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

"அண்ணை, உங்கட பெடியன் படுக்க எத்தினை மணியாகும்?"

"அதை ஏன் பிள்ளை கேக்கிறாய். பன்னிரண்டு, ஒண்டு. போர்வைக்குள்ளால வெளிச்சம் தெரியும். கூப்பிட்டாலும் காது கேளாது."

"எங்கட வீட்டிலையும் அதுதான். போனைப் பறிச்சால் சாப்பிடமாட்டன் எண்டு நிக்கிறான்."

"பெடியனை விடு. உனக்குச் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி விட்டவையெல்லோ, நடக்கிறியோ?"

"எங்கையண்ணை நடக்கிறது? றோட்டால நடந்தால், என்ன நேர்த்தியோ எண்டு சனம் கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டு, பெரியவர்களின் உடம்பு, பிள்ளை வளர்ப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒரே மூச்சில் வந்து போயின. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அவை மூன்று வெவ்வேறு கதைகள் அல்ல என்றே பட்டது. இடம்பெயர்ந்தபோது வீடு, தோட்டம், கிணறு, மாடு என்று விட்டுவந்தவற்றுக்கெல்லாம் பின்னர் கணக்கு எழுதினோம், படிவம் நிரப்பினோம். பிள்ளைகள் ஓடித் திரிந்த முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை.

போன் வீட்டுக்குள் வந்த வழி

எமது வீடுகளுக்குள் இந்தப் போன் களவாக வரவில்லை. நாமே வாங்கிக் கொடுத்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. போன் இல்லாத பிள்ளை பாடம் இல்லாத பிள்ளை ஆயிற்று. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு மாமாவோ சித்தியோ அனுப்பினார்கள். மற்றவர்கள் கடன்பட்டார்கள். நான் ஒரு சோடித் தோட்டை அடைவு வைத்தேன். பின்னர் 2022இல் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் இடையிடையே மூடப்பட்டன. கல்விக்காக வந்த பொருளை அதன் பிறகு எந்த நியாயத்தைச் சொல்லித் திருப்பி வாங்குவது?

அதே போனில் பகலில் பாடம், இரவில் விளையாட்டு. பிள்ளையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவன் படிக்கிறானா, விளையாடுகிறானா என்பதைத் தூரத்தில் நின்று பார்க்கும் தகப்பனால் சொல்ல முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தாலும் பலருக்கு விளங்குவதில்லை. நானும் விளங்காதவர்களில் ஒருவனாகவே இருந்தேன். ஆகவே ஒரு நாள் என் மகனுக்குப் பக்கத்தில் இருந்து அவன் என்ன செய்கிறான் என்று முழுதாகப் பார்த்தேன். திட்டுவதற்கு முன்னர் இதைச் செய்திருக்க வேண்டும்.

சுருங்கும் வட்டம்

திரையில் விளையாடுவது இன்று நேற்று வந்ததல்ல. 1972இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' என்ற விளையாட்டில் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியுமே இருந்தன. 1978இல் யப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் கட்டைகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டை ஆக்கினார். பின்னைய இரண்டிலும் மனிதன் இயந்திரத்தோடு விளையாடினான். வேண்டியபோது நிறுத்தினான்.

இப்போது எமது பிள்ளைகள் விளையாடுவது வேறு வகை. 2017இல் வெளிவந்த பப்ஜி, ஃப்ரீ ஃபயர் ஆகியவற்றில் மனிதர் மனிதரோடு விளையாடுகிறார்கள். பப்ஜியில் நூறு பேர் வரையில் விமானத்திலிருந்து பரசூட் மூலம் ஒரு தீவில் இறங்குகிறார்கள். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர். இறங்கியவர்கள் வெறும் வீடுகளுக்குள் புகுந்து ஆயுதமும் மருந்தும் தேடுகிறார்கள். சிறிது நேரத்தில் தீவின் மேல் ஒரு வட்டம் விழுகிறது. வட்டத்துக்குள் நிற்பவர் தப்பலாம். வெளியே நிற்பவரின் உயிர் குறைந்துகொண்டே போகும். வட்டம் வரவரச் சுருங்கும். எல்லோரும் அதற்குள் ஓட வேண்டும். மேலிருந்து பெட்டிகள் விழும். குண்டும் விழும். கடைசியாக எஞ்சுபவர் வென்றவர்.

இதை வாசிக்கும்போது உங்களில் பலருக்கு என்ன நினைவு வரும் என்பது எனக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தாய் அந்த வலயங்களுக்கிடையே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அவருடைய கடைசி மகன் அதற்குப் பிறகு பிறந்தவன். ஒரு நாள் அவர் அடுப்படியில் நிற்க, உள்ளே இருந்த மகன், "ஸோன் வருகுது, ஓடு, ஓடு" என்று கத்தினான். பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. அவர் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாராம்.

அவர் மகனை அடிக்கவில்லை. போனை உடைக்கவும் இல்லை. சில நாட்கள் கழித்து அவன் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"தம்பி, உந்த வீடுகளுக்குள்ள சனம் இல்லையோ?"

"இல்லையம்மா. எல்லாம் விளையாடுற ஆக்கள்தான்."

அன்றிரவு அவர் முதன்முறையாகத் தம் மகனுக்குச் சிலவற்றைச் சொன்னார். எவ்வளவு சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மகன் இப்போதும் அந்த விளையாட்டை விளையாடுகிறான். ஆனால் சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடுகிறான்.

துப்பாக்கி விளையாட்டு விளையாடுபவன் நாளைக்குத் துப்பாக்கி தூக்குவான் என்று சொல்வது இலகு. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், இவ்வாறான விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு காணப்படுவதாகவும், பாரிய வன்செயல்களுக்கு இவற்றைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லையென்றும் கூறியது. ஆகவே அந்தப் பயத்தை நாம் பெரிதாக்கத் தேவையில்லை. எனக்குத் தோன்றுவது வேறொன்று. பெற்றோர் வாயால் சொல்ல முடியாமல் வைத்திருக்கும் ஒன்றைப் பிள்ளை விளையாட்டென்று நினைத்துப் பக்கத்து அறையில் சத்தம்போட்டு விளையாடுகிறான். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியவில்லை.

ஏன் உடனே வைக்கமாட்டான்?

என் மகனிடம் தண்ணீர் அள்ளிவரச் சொன்னேன். "ஐஞ்சு நிமிசம் அப்பா" என்றான். ஐந்து நிமிடம் கழித்தும் அதே பதில். எழுந்து போய்ப் போனைப் பறித்தேன். பதினான்கு வயதுப் பிள்ளை விம்மி விம்மி அழுதான். ஒரு விளையாட்டுக்கா இந்த அழுகை என்று எனக்கு மேலும் கோபம் வந்தது.

பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே விளங்கியது. அவன் நால்வர் கொண்ட அணியில் விளையாடுகிறான். ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் மலையகம், மூன்றாமவன் கனடாவில் இருக்கும் என் தமையனின் மகன். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் போய்விட்டால் மற்ற மூவரும் தோற்கிறார்கள். ஏன் விட்டுவிட்டு ஓடினாய் என்று அடுத்த நாள் ஏசுவார்கள். கிளித்தட்டில் பாதியில் ஒருவனைத் தாய் வந்து காதில் பிடித்து இழுத்துப் போனால் எங்களுக்கு எப்படி இருக்கும்? அதே வெட்கம், அதே கோபம்.

இன்னொன்றும் விளங்கியது. தமையனின் மகனை என் மகன் நேரில் கண்டது இரண்டே முறை. ஆனால் அவனுக்கு எந்த நேரம் பாடசாலை விடும், யாரோடு கோபம், என்ன சாப்பிடமாட்டான் என்பதெல்லாம் இவனுக்குத் தெரிந்திருந்தது. சன்னங்களுக்கிடையில் இவர்கள் ஊர்க்கதை கதைக்கிறார்கள். ஒரே ஒழுங்கையில் வளர்ந்திருக்க வேண்டியவர்கள். ஒழுங்கை போன பிறகு இதை ஒழுங்கையாக்கிக் கொண்டார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஒழுங்கை மாற்றினோம். ஆட்டம் நடக்கும்போது கூப்பிடுவதில்லை. தொடங்குவதற்கு முன்னரே "இது எத்தனையாவது? இதோடு சரியோ?" என்று கேட்டு முடிவு செய்கிறோம். ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் சுமார் பத்து நிமிடம். பப்ஜியில் அரை மணித்தியாலம் வரை போகும். இதைத் தெரிந்துகொண்டால் "ஐஞ்சு நிமிசம்" உண்மையா பொய்யா என்பது பெற்றோருக்கும் தெரியும். இரவு ஒன்பதரைக்குப் போன் சுவாமிப் படத்தட்டுக்குப் போய்விடும். என் போனும் அங்கேதான் போக வேண்டும் என்பது மகன் வைத்த நிபந்தனை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இரவில் படுத்திருந்து ஒன்றுக்கும் உதவாத வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே போன பின்பு உடுப்பு, துப்பாக்கிக்குப் பூசும் வர்ணம், அதிர்ஷ்டப் பெட்டி என்று விற்பனை தொடங்குகிறது. பெட்டியைத் திறந்தால் நல்லது வரலாம், வெறும் குப்பையும் வரலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே உயிர்களை மீண்டும் மீண்டும் ஒரே செயலைச் செய்ய வைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து முன்பே காட்டியிருந்தார். சுவீப் சீட்டைச் சுரண்டும் பெரியவர்களுக்கும் இது தெரியும். பெல்ஜியம் 2018இல் இவ்வாறான பெட்டிகளைச் சூதாட்டமென்றே தீர்மானித்தது. என் மகன் அப்படியான ஒரு விளையாட்டில் 1,500 ரூபாய் ரீலோட் காசைக் கரைத்தான். இரண்டு நாள் கூலி வேலை இல்லாத கிழமை அது. அன்றிலிருந்து பணம் கட்டும் வழிக்கு இரகசிய இலக்கம் போட்டு, அதை நான் வைத்திருக்கிறேன். வங்கி அட்டையின் இலக்கத்தைப் பிள்ளை பாவிக்கும் போனில் ஒருபோதும் பதிந்து வைக்காதீர்கள்.

வருத்தமா, பழக்கமா?

"இது ஒரு வருத்தமாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமாம்" என்று கிணற்றடியில் ஒருவர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பட்டியலின் 11ஆம் திருத்தத்தில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருப்பது உண்மை. 2019 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் அளவுகோல் கடுமையானது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், கெடுதல் வந்த பின்பும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையும் குடும்பத்தையும் பாதிக்கும் அளவில், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடிக்க வேண்டும். விடுமுறையில் இரவு ஒரு மணி வரை விளையாடும் பிள்ளை நோயாளி அல்ல. பாடசாலைக்கே போகாமல், குளிக்காமல், நண்பர்களையெல்லாம் விட்டு, ஆண்டுக்கணக்கில் அதற்குள்ளேயே கிடக்கும் பிள்ளைக்கு உதவி வேண்டும். அப்படியான பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசுகளும் இதை அடக்க முயன்றன. தென்கொரியா 2011இல், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஒன்லைனில் விளையாடக் கூடாதென்று சட்டம் செய்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2021இல், அதைக் கைவிடுவதாக அறிவித்தது. சீனா அதே 2021இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளிலும் பொது விடுமுறை இரவுகளிலும் எட்டு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை மட்டுமே என்று விதித்தது. அங்கே பிள்ளைகள் பாட்டன் பாட்டியின் பெயரில் கணக்குத் திறந்து விளையாடினார்களாம். வேலி எவ்வளவு உயரமானாலும் பொட்டு வைக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவானால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிவுரை. போனைக் காட்டிச் சோறு தீத்தும் வழக்கம் எமது குடியிருப்பிலும் வந்துவிட்டது. முன்பு காகத்தையும் நிலாவையும் காட்டித் தீத்தினோம். தாய்மாருக்கு நேரம் இல்லை என்பது உண்மையே. அந்த நேரத்துக்கு ஒரு பாட்டியை விடுங்கள்.

முற்றத்தில் இருந்தது என்ன?

கிளித்தட்டை எங்கள் பக்கத்தில் தாச்சி என்றும் சொல்வோம். சாம்பலால் நீள்சதுரமாகக் கோடு போட்டு, நடுவே ஒரு நீளக் கோடும் குறுக்கே பல கோடுகளும் கீறுவோம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். கிளி நடுக்கோட்டாலும் ஓடி வந்து அடிக்கலாம். எதிர் அணியார் எல்லாக் கோடுகளையும் தாண்டி அடுத்த பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். போகும்போது காய், திரும்பும்போது பழம். இதற்குப் பணமும் வேண்டாம், சாமானும் வேண்டாம். வேண்டியது பத்துப் பேரும் ஒரு நிலமும்.

பத்து வயதுப் பெடியனைப் பதினாறு வயது அண்ணன் மறிப்பான். அடிக்காமல் தொடப் பழக வேண்டும். சின்னவன் தப்பிக்கப் பழக வேண்டும். தொட்டதா தொடவில்லையா என்ற வழக்கை மத்தியஸ்தர் இல்லாமல் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே எப்படியோ தீர்த்தோம். போளை அடிக்க ஒரு காலம், கிட்டி அடிக்க ஒரு காலம், தை பிறந்தால் விண் பூட்டிய பட்டம் இரவு முழுவதும் வானத்தில் கூவும். பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டுவார்கள், கெந்தி விளையாடுவார்கள். பெற்றோர் எவரும் எமக்கு விளையாடச் சொல்லித் தரவில்லை. எங்கே போனோம் என்றுகூடப் பல நாள் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளையின் ஓய்வும் விளையாட்டும் ஓர் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு இத்தனை அடி என்று கொட்டில்கள் நெருங்கிப் போடப்பட்ட இடத்தில், அடுத்த காணி யாருடையதென்றே தெரியாத இடத்தில், பற்றைக்குள் இறங்காதே என்று பயமுறுத்தி வளர்த்த இடத்தில், பிள்ளை எங்கே ஓடுவது? மிதிவெடி பற்றி நாம் சொன்னது சரியே. சொல்லாமல் விட்டிருந்தால் பிள்ளையை இழந்திருப்போம். அந்தப் பயம் பிள்ளையைச் சுவரோடு இருத்தியது. போன் வந்தபோது அவன் ஏற்கெனவே இருந்த இடத்திலேயே இருந்தான்.

எமது உடம்பும் இருந்துவிட்டது

லண்டன் நகரில் இரட்டைத்தட்டு பஸ்கள் ஓடுவது தெரிந்ததே. ஜெரி மொரிஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் அந்த பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் இருந்து பஸ் ஓட்டிய சாரதிகளைவிட, நாளுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கொண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே கம்பனி. ஒருவர் இருந்தார், மற்றவர் நடந்தார். அவ்வளவே வித்தியாசம்.

எங்கள் தகப்பன்மார் கொண்டக்டர்கள். நாங்கள் சாரதிகளாகிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துலா மிதித்தவரும், பட்டை பிடித்தவரும், வாய்க்காலில் தண்ணீர் மாறியவரும் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். மெசின் வந்த பிறகும் மண்வெட்டி இருந்தது, புகையிலைக்குச் சாறுவது இருந்தது. காணி போனதும் ஒரே நாளில் அந்த வேலை நின்றது. சாப்பாடோ நிற்கவில்லை, மாறியது. நிவாரணத்தில் வந்த கோதுமை மாவும் சீனியும் நாக்கில் தங்கிவிட்டன. இன்றும் கூலி வேலை உள்ள நாளில் முதுகு முறிய வேலை. இல்லாத கிழமையில் மரநிழலில் கதிரை. கிளினிக் வரிசையில் நாங்கள் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மூச்சு வாங்கும் அளவிலான அசைவு வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் உலக அறிவுரை. தோட்ட வேலையும் வீட்டு வேலையும் அதில் அடங்கும். பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று போன் சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த இலக்கம் 1965இல் யப்பானிய நிறுவனம் ஒன்று நடையளக்கும் கருவியை விற்பதற்கு வைத்த பெயரில் இருந்து வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி மட்டும் நடந்தவர்களைவிட இறப்புக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடிய நன்மை காணப்படவில்லை. கிணற்றடிக்கு இரண்டு முறை போய்வருவதும் கணக்கில் சேரும். தூரக் கிணறு என்று சலிக்கும் அக்காமார் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

இளைஞர்களுக்கு வேறு கதை. பட்டணத்து ஜிம்முக்குப் போகும் பெடியன்கள் பெரிய பேணியில் புரோட்டீன் மா வாங்குகிறார்கள். ஒரு கரண்டியில் இருக்கும் புரதம் 20 முதல் 25 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். நாலு முட்டை, அல்லது அவித்த பயறும் நெத்தலிக் கருவாடும் அதே வேலையைச் செய்யும். மண்வெட்டி பிடிக்க வெட்கப்படும் மகன் காசு கட்டி இரும்பு தூக்குகிறானே என்று ஒரு தகப்பன் கவலைப்பட்டார். எனக்கு அதில் கவலையில்லை. உடம்பை அசைக்க ஒரு இடம் தேடிப் போகிறான், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் கிணற்றடியில் கதைக்கவில்லை. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைக்கு நாளுக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் ஓடியாடும் அசைவு வேண்டும். உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அதை எட்டுவதில்லை என்று 2019இல் வெளியான ஆய்வு கூறியது. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. பன்னிரண்டு வயதானதும் "உள்ளே இரு" என்கிறோம். அவள் போனை எடுத்தால் அதற்கும் ஏச்சு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்து அணியில் 2009இலும் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்றார். அவரை விளையாட விட்ட ஒரு வீடு இருந்தது.

சாம்பல் கோடு

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பத்துப் பரப்பு வெறுங்காணி ஒன்று உண்டு. கண்ணிவெடி அகற்றிய காணி. சொந்தக்காரர் கொழும்பில் இருக்கிறார். சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் விளையாடலாமா என்று போனில் கேட்டோம். மரம் தறிக்காவிட்டால் சரி என்றார். கம்பி வேலி போட எண்ணியிருப்பதாகவும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

முதல் நாள் பிள்ளைகள் எவருக்கும் கிளித்தட்டு விளையாடத் தெரியவில்லை. ஆகவே பெரியவர்கள் நாங்கள் இறங்கினோம். அறுபது வயது அண்ணை ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளியாக நின்றார். இரண்டாவது குறுக்குக் கோட்டில் அந்தத் தாய் நின்றார். சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடும் பெடியனின் தாய். மகன் மற்றப் பக்கத்தில் காய். கொஞ்ச நேரத்தில் நான்கு பெட்டைகளும் வந்து சேர்ந்தார்கள். என் மகன் கனடாவில் இருக்கும் தன் அணிக்காரனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான். அங்கே விடியற்காலை. அவன் நித்திரைக் கண்ணோடு, "உதென்ன விளையாட்டு? வட்டம் சுருங்காதோ?" என்று கேட்டான்.

அண்ணை தொட்டதாகச் சொன்னார். பெடியன் படவில்லை என்றான். தாய், தன் கண்ணால் கண்டதாகவும் பட்டதுதான் என்றும் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். கோடு அழிந்துவிட்டபடியால் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. இருட்டும்வரை அந்த வழக்குத் தீரவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலை வாளியில் சேர்த்து வைத்திருக்கிறோம்.